இருபத்தோர் அங்குலப் பொய்

என் அண்ணிக்கு ஒரு ஆளைப் பார்த்தால் முகம் மனதில் நிற்காது, அளவுதான் நிற்கும். அண்ணனை முதன்முதலாகச் சந்தித்த அன்றே, "உங்க இடது தோள் அரை இன்ச் எறக்கம்" என்று சொன்னவள். அண்ணன் பேருந்து ஓட்டுநர். அன்றே சாப்பாட்டுப் பையை வலது தோளுக்கு மாற்றிக்கொண்டார். இருபத்தாறு வருடமாகியும் இடது தோள் நிமிர்ந்தபாடில்லை. நகரத்து நாடக அரங்கில் உடைகளுக்குத் துணி வெட்டுவது அண்ணியின் வேலை. அங்கே எல்லோருக்கும் அவள் 'இன்ச் அக்கா'.

நான் நூலகத்தில் பழைய பத்திரிகைகள் பிரிவைப் பார்த்துக்கொள்பவள். எனக்கும் தையலுக்கும் ஏழாம் பொருத்தம். ஒரு பட்டன் அறுந்தால்கூட அதைக் கையில் பொத்திக்கொண்டு அண்ணி வீட்டுக்குத்தான் ஓடுவேன். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்த அநியாயத்தில் எனக்கும் பங்கு உண்டு, அது எப்பேர்ப்பட்ட அநியாயம் என்று புரிய இது தெரிந்திருக்க வேண்டும்.

அந்த வருடம் அரங்கில் அச்சகத்தம்மாவின் வாழ்க்கையை நாடகமாகப் போட முடிவு செய்தார்கள். நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால், கணவன் இறந்ததும் அவன் விட்டுப்போன அச்சகத்தைத் தானே ஏற்று, ஐந்து பிள்ளைகளையும் வளர்த்து, பதினெட்டு வருடம் வாரப் பத்திரிகை நடத்தியவள் அவள். அவளுடைய கவுன் ஒன்று எங்கள் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிறது. கரும்பச்சைத் துணியில் வெள்ளைக் கோடு. மேல்சட்டை தனி, பாவாடை தனி, இடுப்பில் கொக்கிகளால் சேர்வது. பக்கத்தில் பலகை: 'இடைச் சுற்றளவு இருபத்தோர் அங்குலம். அக்காலப் பெண்கள் அழகின் பொருட்டுத் தம் உடலை எவ்வளவு வருத்திக்கொண்டனர் என்பதற்குச் சான்று.'

நாடகத்தின் இயக்குநர் இந்தப் பலகையைப் பார்த்துவிட்டு வந்ததில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

அச்சகத்தம்மாவாக நடிக்க இருந்தவளுக்கு நாற்பத்து நான்கு வயது. நல்ல உயரம், அதற்கேற்ற உடம்பு. கடைசி வரிசையில் தூங்குகிறவனையும் எழுப்பி உட்காரவைக்கும் குரல். இயக்குநர் கைப்பேசியில் எடுத்த படத்தை அவளிடம் நீட்டி, கவுன் அச்சு அசலாக இதே மாதிரி வரவேண்டும், இந்த இடையும் வரவேண்டும், ஏழு வாரம் இருக்கிறது என்றாராம். முடியாவிட்டால் மகளாக நடிக்கும் பெண்ணையே அம்மா வேடத்துக்கு மாற்ற வேண்டியிருக்கும் என்பதையும் சிரித்துக்கொண்டே சொன்னாராம். மகளாக நடிப்பவளுக்கு இருபத்து மூன்று வயது.

அண்ணியிடம் வந்த உத்தரவு சுருக்கமானது: அந்தக் கவுனின் பேட்டர்னைக் கண்டுபிடித்து வெட்டுங்கள். பேட்டர்ன் என்றால், துணியில் கத்தரி வைப்பதற்கு முன் ஒவ்வொரு துண்டையும் காகிதத்தில் வெட்டி வைத்துக்கொள்ளும் அச்சு. அது இருந்தால் உடை பாதி முடிந்த மாதிரி. இல்லாவிட்டால் வெறும் படத்தைப் பார்த்துத் தைப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு தெருவைக் கடப்பது மாதிரி என்பாள் அண்ணி.

நியாயமாக அருங்காட்சியகத்துக்குப் போய்க் கேட்டாள். துணிப் பிரிவுக் காப்பாளர் ஒரு அம்மாள், மெல்லப் பேசுபவர், வெள்ளைக் கையுறை போட்டிருந்தார். பொருள்களைத் தொட்டுப் பார்க்க ஆய்வாளர்களுக்கு மட்டும்தான் அனுமதி என்றார். முப்பது வருடமாகக் கவுன் வெட்டுகிறேன் என்றாள் அண்ணி. அது ஆய்வு ஆகாதே என்று வருத்தமான முகத்தோடு சொன்னார் காப்பாளர். அண்ணி கண்ணாடிக்கு வெளியே நின்று முன்புறத்தையும் பக்கவாட்டையும் வரைந்துகொண்டு வந்தாள். பின்புறம் சுவரோடு ஒட்டி இருந்ததால் தெரியவில்லை.

மறுநாள் மதியம் நூலகத்துக்கு வந்து என் மேசைமேல் பையை வைத்தாள்.

"நாத்தனாரே, உங்க பழைய குப்பையில கவுன் ஏதாவது கெடக்குமா?"

கிடந்தது. அந்தக் காலத்துப் பெண்கள் பத்திரிகைகளில் மாதத்துக்கு ஒரு தையல் தாள் வைப்பார்கள். மடித்து மடித்து நடுவில் செருகியிருக்கும். விரித்தால் ஒரு மேசையை மூடும். சிக்கனத்துக்காக ஒரே தாளில் இருபது இருபத்தைந்து உடைகளின் பேட்டர்ன்களை ஒன்றின்மேல் ஒன்றாக அச்சடித்திருப்பார்கள். ஒன்று புள்ளிக்கோடு, ஒன்று கீற்றுக்கோடு, ஒன்று சிலுவை சிலுவையாக. எனக்கு அதைப் பார்த்தாலே தலை சுற்றும். அண்ணி மெல்லிய தாளைப் போட்டு, பென்சிலை வைத்து, ஒரு கோட்டைப் பிடித்தால் அது எங்கே வளைந்தாலும் விடமாட்டாள். பதினோரு நாள், மதிய உணவு நேரமெல்லாம் இதே வேலை. நான் கட்டுக்கட்டாக எடுத்துக் கொடுத்தேன், அவள் விரித்துப் பார்த்துத் தள்ளினாள். தோள் தையல் பின்னால் சாயவேண்டும், முதுகில் நான்கு துண்டு இருக்கவேண்டும், முன்னால் பட்டன். மூன்றும் சேர்ந்தது எழுபத்து நான்காவது தாளில்தான் கிடைத்தது.

துண்டுகளையெல்லாம் தாளில் எடுத்து வரிசையாக வைத்தவள் சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், புருவத்தைச் சுருக்கினாள். அந்தத் தாளில் நடுத்தர உடம்புக்கு என்று போட்டிருந்த இடை அளவு இருபத்தேழு. அடுத்தடுத்த தாள்களையும் புரட்டச் சொன்னாள். இருபத்தாறு, இருபத்தெட்டு, முப்பது, ஒன்றில் முப்பத்தாறு. இருபத்தொன்று எதிலும் இல்லை. சிறுமிகளுக்கான தாளில்தான் இருந்தது, பத்து வயதுக்கு.

பிறகு தான் வரைந்து வந்ததை எடுத்து, பக்கவாட்டில் விரலை வைத்தாள். கவுனில் வெள்ளைக் கோடுகள் அரை அங்குலத்துக்கு ஒன்றாக ஓடுகின்றன. சட்டையில் கை சேரும் கைக்குழிக்குக் கீழே ஒன்பது கோடு எண்ணியிருந்தாள். இடுப்பில் எண்ணினால் ஐந்துதான். மீதி நான்கும் தையலுக்குள் போகவில்லை, சும்மா மடிந்து பின்பக்கம் போய்விட்டன.

"கோடு போட்ட துணியை எந்தத் தையக்காரியும் இப்படி முழுங்க மாட்டா," என்றாள். "அந்தச் சட்டைக்குப் பின்னாடி என்னமோ பண்ணி வெச்சிருக்காங்க."

அந்த வாரம்தான் ஒத்திகையில் நடிகை விழுந்தாள். அச்சு இயந்திரத்தின் கைப்பிடியை இழுக்கும் காட்சி. இழுத்தாள், அப்படியே சரிந்தாள். ஒன்பது நாளாக வெள்ளரிக்காயும் பாலில்லாத காபியும்தான் அவளுடைய சாப்பாடு என்று பிறகுதான் தெரிந்தது. அவளை உடை அறைக்குக் கூட்டிவந்து படுக்க வைத்தார்கள். கண் திறந்ததும் அவள் அண்ணியிடம் சொன்னது, "முப்பத்திரண்டுக்கு வந்துட்டேன் அக்கா. இன்னும் கொறைச்சுடறேன். மன்னிச்சிருங்க."

அண்ணி அன்று சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து உட்காராமலே இதைச் சொன்னாள். விழுந்தது கூட அவளுக்குப் பெரிதாகப்படவில்லை. அந்த 'மன்னிச்சிருங்க' தான் நெஞ்சில் குத்தியிருந்தது. தன் இடுப்புக்காக ஒருத்தி தையல்காரியிடம் மன்னிப்புக் கேட்கிறாள் என்றால் எங்கேயோ யாரோ அயோக்கியத்தனம் செய்திருக்கிறார்கள் என்றாள்.

மறுநாளே நூலகத்தின் பெயர் அச்சிட்ட தாளில் நான் கடிதம் எழுதினேன். பழைய பத்திரிகைப் பிரிவின் ஆய்வாளராகிய நான், அக்கால உடையமைப்பைப் பற்றி ஆய்வு மேற்கொண்டிருப்பதால், மேற்படி கவுனை நேரில் பார்வையிட அனுமதி வேண்டும், உடன் ஓர் உதவியாளர் வருவார். நான்கே நாளில் அனுமதி வந்தது. ஊசியில் நூல் கோக்கத் தெரியாத நான் ஆய்வாளர். முப்பது வருடம் கத்தரி பிடித்துக் கட்டைவிரல் காய்த்துப்போனவள் என் உதவியாளர். எழுதும்போது சிரிப்பாக இருந்தது. வாசலில் 'ஆய்வாளர்' என்ற அட்டையைக் கழுத்தில் மாட்டும்போது சிரிப்பு வரவில்லை.

விடுமுறை நாள் ஒன்றில் காப்பாளர் கண்ணாடிக் கதவைத் திறந்து, கவுன் போட்டிருந்த பொம்மையைச் சுவரை விட்டு நகர்த்தினார். அண்ணி பின்னால் போனாள். நானும் போனேன். எனக்கே தெரிந்தது. முதுகின் இரண்டு பக்கமும் துணியைக் கொத்தாகப் பிடித்து மடித்து, மேலிருந்து கீழாகக் குண்டூசி. இருபத்து மூன்று குண்டூசி. சில துருப்பிடித்துத் துணியில் பழுப்பு வட்டம் விழுந்திருந்தது. உள்ளே இருந்தது துணிக்கடை வாசலில் நிற்குமே, அந்த மாதிரிப் பொம்மை. எப்போதோ மூடிப்போன கடை ஒன்று நன்கொடையாகக் கொடுத்ததாம். பொம்மைக்குக் கவுன் தொளதொளவென்று இருந்திருக்கிறது. பொம்மையை மாற்றவில்லை, மனுஷியைக் குறைத்துவிட்டார்கள். அதோடு விட்டார்களா, அந்தப் பொம்மையின் இடுப்பை அளந்து, அதைப் பலகையில் எழுதி, அவள் அழகுக்காக உடம்பை வருத்திக்கொண்டாள் என்று ஏச்சும் சேர்த்து எழுதினார்கள்.

காப்பாளரின் முகம் வெளுத்துவிட்டது. தான் பொறுப்பேற்கும் முன்பே செய்தது என்றார். ஒன்பது வருடமாக இந்தப் பெட்டிக்கு அவர்தான் பொறுப்பு.

"ஒன்பது வருஷத்துல ஒரு தடவைகூட திருப்பிப் பாக்கலையா?" என்று அண்ணி கேட்டாள். காப்பாளர் பொம்மையருகே குனிந்தார். குண்டூசிகளை ஒவ்வொன்றாகத் தாமே எடுத்தார். துரு வட்டங்களைக் கையுறை விரலால் தடவிப் பார்த்தார். அதற்காக அவர்மேல் எனக்குக் கொஞ்சம் இரக்கம் வந்ததை ஒப்புக்கொள்கிறேன். அண்ணிக்கு வரவில்லை.

பேட்டர்ன் எடுக்க இரண்டு நாள் ஆனது. துணியில் ஊசி குத்தக்கூடாது, பேனா பக்கத்தில் வரக்கூடாது. நூலைத் தையல்மேல் படரவிட்டு, அந்த நூலின் நீளத்தைத் தாளில் இறக்கினாள். சின்ன மணல் பைகளை வைத்துத் தாளை அழுத்தி, ஓரத்தை விரலால் நீவினாள். அளவுகளை அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். உண்மையான இடை முப்பத்தொரு அங்குலம். உள்பக்கம் பழைய ஊசித்துளைகள் இரண்டு வரிசை தெரிந்தன. அச்சகத்தம்மா முதலில் இருபத்தேழாகத் தைத்து, பிறகு இருபத்தொன்பதாகப் பிரித்து, மறுபடி முப்பத்தொன்றாகப் பிரித்திருக்கிறாள். பருமன் கூடக்கூட அவள் பட்டினி கிடக்கவில்லை, தையலைத்தான் பிரித்தாள். வலது கையின் மேல்பகுதி இடதைவிட முக்கால் அங்குலம் அகலம், இயந்திரத்தின் கைப்பிடியை இழுத்த கை. வலது முழங்கையில் உள்ளே ஒட்டு. பாவாடையின் பக்கத் தையலில் மணிக்கட்டு வரை கை போகிற பை, அதன் அடியில் கறுப்பாக மைக்கறை. அண்ணி தன் கையை அதற்குள் விடவில்லை, அனுமதி இல்லை. வெளியிலிருந்தே உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

கிளம்பும்போது பலகையை எப்போது மாற்றுவீர்கள் என்று கேட்டாள். குழு கூட வேண்டும், கோப்பு நகர வேண்டும் என்றார் காப்பாளர்.

அந்த வாரக் கடைசியில், மலிவான வெள்ளைத் துணியில் மாதிரி மேல்சட்டை ஒன்றைத் தைத்து எடுத்துக்கொண்டு அண்ணி அரங்குக்குப் போனாள். நடிகைக்குப் போட்டுப் பார்த்தாள். உள்ளே அந்தக் காலத்து இடைக்கச்சையை மூச்சு முட்டாமல் கட்டியதில் அளவெடுத்துத் தைத்ததுபோல உட்கார்ந்தது. நடிகை கண்ணாடியில் பார்த்து, கையைத் தூக்கி இறக்கி, இல்லாத கைப்பிடியை இழுத்துப் பார்த்தாளாம். அண்ணி இயக்குநரைக் கூப்பிட்டு நடந்ததையெல்லாம் சொன்னாள்.

அவர் முழுக்கக் கேட்டார். ஆச்சரியப்படவும் செய்தார். பிறகு சொன்னார்:

"அக்கா, உண்மை எதுங்கறது இல்ல இப்போ பிரச்சினை. ஜனங்க அந்தக் கவுனைப் பாத்திருக்காங்க. மேடையில வேற மாதிரி இருந்தா நாமதான் தப்புப் பண்ணிட்டோம்னு நெனைப்பாங்க. போஸ்டருக்குப் படம்கூட எடுத்தாச்சு."

படம் எடுத்தது மகளாக நடிக்கும் பெண்ணை வைத்து. அது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. அந்தப் பெண் கதவோரம் தலைகுனிந்து நின்றாள். அவளிடமும் யாரும் கேட்கவில்லை, நில் என்றார்கள், நின்றாள்.

அண்ணி சாதாரணமாக அவரைத் 'தம்பி' என்பாள். கோபம் வந்தால் மட்டும் 'சார்'.

"சார், அவங்க குண்டூசி குத்தினதுக்கு இவ பட்டினி கெடக்கணுமா? அஞ்சு புள்ளை பெத்து, மெஷினை இழுத்து, பேப்பர் போட்டவங்க அந்தம்மா. அவங்க இடுப்பு முப்பத்தொண்ணு. நான் பெட்டிக்கு உள்ள நின்னு நூல் வெச்சு அளந்துட்டு வந்திருக்கேன். நீங்க கண்ணாடிக்கு வெளிய நின்னு படம் எடுத்துட்டு வந்து எனக்கு அளவு சொல்லாதீங்க."

சொல்லிவிட்டுக் கத்தரியையும் டேப்பையும் பேட்டர்ன் சுருளையும் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

மூன்று நாள் போகவில்லை. சும்மா இருக்க அவளுக்குத் தெரியாது. வீட்டுத் திரைச்சீலைகளையெல்லாம் பிரித்து மறுபடி தைத்தாள். என் அண்ணன் எனக்குப் போன் செய்து, நாளைக்கும் இவள் வேலைக்குப் போகாவிட்டால் என்னையும் பிரித்துத் தைத்துவிடுவாள் போலிருக்கிறது, நீ வந்து கூட்டிப் போ என்றார். இதற்கிடையில் இயக்குநர் வெளியே இரண்டு தையல்காரர்களைப் பிடித்துப் பார்த்திருக்கிறார். ஒருவர் முடியாது என்றார். இன்னொருவர் முதுகில் ஜிப் வைத்து ஒன்றைத் தைத்துக்கொண்டு வந்தார். நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய கவுனுக்கு ஜிப்.

நான்காம் நாள் மதியம் இயக்குநரே வீட்டுக்கு வந்தார். அண்ணி அவருக்கு நாற்காலி போட்டாள், காபி கொடுத்தாள். தைத்துத் தருகிறேன், போஸ்டரையும் மாற்ற வேண்டும், அதோடு ஒரு விஷயம், நடிகையைப் பட்டினி போட்டது தப்பு என்று எல்லோர் முன்னாலும் நீங்களே சொல்ல வேண்டும் என்றாள். அவர் மறுநாள் சொன்னார். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாராம், ஆனால் சொன்னார்.

நாடகம் ஏழு வாரம் ஓடியது. முதல் நாள் நான் மூன்றாம் வரிசையில் இருந்தேன். நடிகை அந்தப் பச்சைக் கவுனில் வந்து, முழுமூச்சு இழுத்து முதல் வசனத்தைச் சொன்னபோது என் நாற்காலியின் கைப்பிடி அதிர்ந்தது.

நாலைந்து நாளில் பத்திரிகையில் விமர்சனம் வந்தது. நடிப்பைப் பாராட்டியிருந்தார்கள். கடைசிப் பத்தியில்: 'உடைப்பிரிவு சற்றே உழைத்திருக்கலாம். அச்சகத்தம்மாவின் இடை இருபத்தோர் அங்குலம் என்பதை அருங்காட்சியகத்துக்குப் போகும் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர்.'

அதைப் படித்தபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அண்ணி கத்தவில்லை. நாளிதழை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். அடுத்த ஓய்வு நாளிலிருந்து வாராவாரம் அருங்காட்சியகத்துக்குப் போக ஆரம்பித்தாள். குண்டூசிகளை மறுபடி குத்தி, கவுனைச் சுவரோடு ஒட்டி வைத்திருந்தார்கள். அண்ணி பக்கத்தில் நின்று, வருகிறவர்களிடம் கோடுகளை எண்ணச் சொன்னாள். மேலே ஒன்பது இருக்கா? கீழே எத்தனை? மீதி எங்கே போச்சு? பிள்ளைகள் ஆசையாக எண்ணினார்கள். பெரியவர்கள் பலகையைப் படித்துவிட்டு அவளைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். காவலாளி இரண்டு வாரம் விரட்டிப் பார்த்தார். மூன்றாவது வாரம் தானே எண்ணிப் பார்த்தார். நான்காவது வாரம் அவளுக்கு ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டார்.

பத்து மாதம் கழித்துக் கோப்பு நகர்ந்தது. காப்பாளர் பிடிவாதமாகத் தள்ளியிருக்கிறார் என்று காவலாளி சொன்னார், அந்த நன்றியை நான் மறக்கவில்லை. பொம்மை மாறியது, குண்டூசிகள் போயின, இடை முப்பத்தொன்று என்று புதுப் பலகை வந்தது. கீழே சின்ன எழுத்தில்: 'அளவுகளும் வெட்டுப் படிவமும்: நூலக ஆய்வாளர்' என்று போட்டு, என் பெயர்.

என் பெயர்! பட்டன் தைக்கத் தெரியாதவளின் பெயர். நான் அன்றே காப்பாளரின் அறைக்குப் போய்ச் சண்டை போட்டேன். பிறகு மூன்று கடிதம் எழுதினேன். மூன்றாவதற்குத்தான் பதில் வந்தது, அதுவும் அவரிடமிருந்து அல்ல, மேலிடத்திலிருந்து. அனுமதிக் கடிதத்தில் உள்ளபடியே பெயர் இடப்பட்டுள்ளது, உதவியாளர்களின் பெயர்களைக் குறிப்பிடும் வழக்கம் இல்லை என்று இரண்டு வரி.

அண்ணியிடம் காட்டினேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"எம் பேரு கெடக்கட்டும் விடு. அந்தம்மா ரெண்டு தடவை பிரிச்சுத் தச்சதைப் பத்தி ஒரு வார்த்தை போடலையே. கையைப் பத்திப் போடலை. பையைப் பத்திப் போடலை. எண்ணை மட்டும் மாத்திட்டா ஆச்சா?"

அவளால் விட முடிந்தது பாருங்கள், என்னால் முடியவில்லை. பேட்டர்னின் முழு அளவுப் பிரதியை அவளிடமிருந்து வாங்கி, இரண்டு வரிசைத் துளைகள், கை, ஒட்டு, பை, மைக்கறை எல்லாவற்றையும் அவள் சொல்ல நான் எழுதி, நூலகத்தில் தனி உறையில் போட்டு, எடுத்தவர் என்ற இடத்தில் அவளுடைய முழுப் பெயரை எழுதிப் பதிவு செய்திருக்கிறேன். அதை அழிக்க எந்தக் குழுவுக்கும் அதிகாரம் இல்லை. இதுவரை முப்பத்தெட்டுப் பேர் வாங்கிப் பார்த்து நகல் எடுத்துப் போயிருக்கிறார்கள், பெரும்பாலும் தையல்காரிகள்.

போன மாதம் அண்ணி மருத்துவமனைக்குப் போயிருந்தாள், முட்டிவலிக்கு. வரவேற்பறையில் இந்த ஊரின் முதல் தாதியுடைய உடையைப் பெட்டியில் வைத்திருக்கிறார்களாம். முட்டியை மறந்துவிட்டு அதன் முன்னால் நின்றிருக்கிறாள். கைக்குழி வேறு ஏதோ உடம்புக்கு வெட்டியதுபோலக் கோணலாக நிற்கிறது என்கிறாள். பார்வையிட அனுமதி கேட்டு இந்தமுறை தானே கடிதம் எழுதினாள், தன் பெயரில், கீழே 'துணி வெட்டுபவர்' என்று போட்டு. ஆய்வாளர் என்று போடுங்களேன், சீக்கிரம் நடக்கும் என்றேன். முடியாது என்றுவிட்டாள். அனுப்பி மூன்று வாரமாகிறது. பதில் இன்னும் வரவில்லை.